ஐந்து மொழி அகராதியில் ஜெர்மானியச் சொற்கள்: 'உனிவெர்சாலா வொர்தாரோ' ஒரு மதிப்பீடு

உலகப் பொதுமொழியாகப் பயன்படவென உருவாக்கப்பட்ட செயற்கை மொழியான எஸ்பெராண்டோவின் வேர்ச்சொற்களில் பெரும்பங்கு லத்தீனிலிருந்தும் அதன் வழிவந்த மொழிகளிலிருந்தும் பெறப்பட்டவை. அவற்றுக்கிடையே கலந்திருக்கும் ஜெர்மானியச் சொற்களை, அதாவது ஜெர்மன், ஆங்கிலம் முதலியவை அடங்கிய மொழிக்குடும்பத்தின் சொற்களை, தாமே இனங்கண்டறிய விரும்புவோருக்கு, அம்மொழியை உருவாக்கிய சாமன்ஹோஃப் 1905இல் வெளியிட்ட 'ஃபுண்டமெண்டோ' என்னும் அடிப்படை நூலில் இடம்பெற்றுள்ள 'உனிவெர்சாலா வொர்தாரோ' என்னும் அகராதியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 'வொர்தாரோ' என்ற பெயரிலேயே 'வொர்ட்' என்னும் ஜெர்மானிய வேர் இருக்கிறது.

ஒவ்வொரு வேருக்கும் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், போலிஷ் என்ற வரிசையில் பொருள் தரப்பட்டுள்ளது. சொற்பிறப்பை நூல் எங்கும் சொல்வதில்லை. ஆனால் பொருள்கள் அருகருகே நிற்பதால் உறவு தானே புலப்படுகிறது. நாயைக் குறிக்கும் 'ஹுண்டோ', நாளைக் குறிக்கும் 'தாகோ', 'மட்டும்' என்னும் பொருளுடைய 'நுர்' ஆகியவை ஜெர்மன் பகுதியோடு பொருந்துகின்றன. பறவையைக் குறிக்கும் 'பிர்தோ'வோ ஆங்கிலத்தோடு மட்டுமே பொருந்துகிறது.

என்னை மிகவும் ஈர்த்தது கல்லைக் குறிக்கும் 'ஷ்டோனோ'. ஜெர்மானியர் 'ஷ்டைன்' என்பர், ஆங்கிலேயர் 'ஸ்டோன்' என்பர். தொடக்க ஒலி முன்னதையும் உயிரொலி பின்னதையும் ஒத்திருப்பதால், இரு மொழிகளும் ஒரே சொல்லில் கைகோத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. 'பிர்தோ' ஆங்கில எழுத்தைப் பின்பற்ற, உரிமையைக் குறிக்கும் 'ரைட்டோ' ஆங்கில உச்சரிப்பைப் பின்பற்றுகிறது. ஆனால் இந்நூலில் ஒலிப்புக் குறிப்பு இல்லை. ஜெர்மன் உச்சரிப்பு அறியாதவர், 'ஷ்டைன்' என்று ஒலிப்பதை அச்சிலுள்ள எழுத்தைக் கொண்டு உணர இயலாது. ஆகவே, உச்சரிப்பு தரும் ஜெர்மன் அகராதி ஒன்றையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது.

ஒட்டுகளையும் வேர்களோடு அகரவரிசையிலேயே சேர்த்திருப்பது மிகப் பயனுள்ள ஏற்பாடு. இருபாலரையும் சேர்த்துக் குறிக்கும் 'கெ' என்னும் முன்னொட்டைக் காணும்போது, உடன்பிறந்தோரைக் குறிக்கும் 'கெஷ்விஸ்டர்' என்ற ஜெர்மன் சொல் உடனே நினைவுக்கு வருகிறது.

பெரிய குறை, ஐரோப்பிய யூதரிடையே வழங்கிவந்த, ஜெர்மனோடு நெருங்கிய உறவுடைய இத்திஷ் மொழிக்கு இடமில்லாததுதான். சாமன்ஹோஃப் 1859இல் இன்றைய போலந்திலுள்ள பியாலிஸ்டோக்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இத்திஷ் அவருக்கு நன்கு தெரிந்த மொழி. சீழ்க்கையடிப்பதைக் குறிக்கும் 'ஃபைஃபி'யை நோக்கினால், ஜெர்மன் 'ப்ஃபைஃபன்' என்பதைவிட இத்திஷ் 'ஃபைஃபன்' என்பதன் தொடக்க ஒலியே அதற்கு நெருங்கியது. ஐந்து மொழிகளை மட்டும் பார்க்கும் வாசகர் இத்தகைய சொற்களையெல்லாம் ஜெர்மன் கணக்கிலேயே எழுதிவிடக்கூடும்.