மார்கழியில் பூக்க எந்தக் கிழங்கை நடுவது? புதுச்சேரி, கடலூர் வீட்டுத் தோட்டங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஐப்பசி பிறந்துவிட்டால் இணையக் கடைகளில் டூலிப், நார்சிசஸ், கிளாடியோலஸ், அமரில்லிஸ் என்று குளிர்காலப் பூக்கிழங்குகள் வரிசையாக விற்பனைக்கு வந்துவிடுகின்றன. உறையில் அச்சிட்டிருக்கும் நடவுக் குறிப்பு, மழை ஓய்ந்து, மண் உலர்ந்து, இரவில் நன்றாகக் குளிரும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நமக்கோ ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். புதுச்சேரியில் ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். தை மாத விடியலிலும் வெப்பநிலை 20 பாகையை ஒட்டியே நிற்கும். ஆகவே இங்கு கிழங்கு வாங்குபவர் முதலில் விசாரிக்க வேண்டியது, அதன் உறக்கம் குளிரால் கலைகிறதா, வறட்சிக்குப் பின் கிடைக்கும் நீரால் கலைகிறதா என்பதைத்தான்.

டூலிப் முதல் வகையைச் சேர்ந்தது. மண்ணுக்குள் 12 முதல் 16 வாரங்கள் வரை ஒன்பது பாகைக்கும் குறைவான குளிரில் கிடந்தால்தான் அதன் தண்டு நீண்டு எழும். அந்தக் குளிரைக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் கொடுக்கலாம் என்பது உண்மையே. ஆனால் பக்கத்தில் ஓர் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால், பழுக்கும் கனி வெளிவிடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். மூன்று மாதம் பழம் வைக்காத குளிர்சாதனப் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது? குளிர் போதாத கிழங்கு இரண்டு மூன்று இலைகளை விரிக்கும். அவற்றின் நடுவே, தரையோடு ஒட்டியபடி, பழுப்புக் காகிதம் போன்ற ஒரு மொட்டு உலர்ந்து நிற்கும். எல்லாம் சரியாக நடந்தாலும், பகலில் 29 பாகை தொடும் நம் தை மாதத்தில் பூ சில நாள்களே நிற்கும். மறு ஆண்டுக்கு அந்தக் கிழங்கு உதவாது. ஸ்ரீநகர் டூலிப் தோட்டத்தின் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அங்கேயே அது பூப்பது பங்குனி வாக்கில்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

குளிரே வேண்டாத ஒரு நார்சிசஸ் உண்டு. பேப்பர்ஒயிட் என்ற பெயரில் விற்கும் வெள்ளை வகை அது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல்லைப் பரப்பி, கிழங்கின் அடிப்பகுதியை மட்டும் தொடும்படி நீர் ஊற்றி வீட்டுக்குள் வைத்தால், நான்கு முதல் ஆறு வாரங்களில் பூத்துவிடும். வெளியே பெய்யும் மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது நம் ஊரில் பெரிய வசதியாகும். ஆனால் வெப்பத்தில் அது கிடுகிடுவென்று உயர்ந்து, பூக்கும் நாளில் சாய்ந்துவிடும். இதற்குக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ட வழி விசித்திரமானது: முளை ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்ததும், வெறும் நீருக்குப் பதிலாக ஐந்து விழுக்காடு மதுசாரம் கலந்த நீரை ஊற்றினால், பூவின் அளவு குறையாமல் தண்டு மட்டும் மூன்றில் ஒரு பங்கு குட்டையாகிவிடுகிறது. 40 விழுக்காட்டு மதுவில் ஒரு பங்குக்கு ஏழு பங்கு நீர் என்பது கணக்கு. சர்க்கரை கலந்த பீரும் வைனும் ஆகா. மூலப்பொருளுக்குப் புதுச்சேரிக்காரர்கள் அலைய வேண்டியதில்லை. கடலூர்க்காரர்களும் அவ்வளவு தொலைவு வர வேண்டியதில்லை. இதுவும் ஓராண்டு வேடிக்கைதான் என்பதை மட்டும் நினைவில் வைத்து வாங்கலாம்.

கிளாடியோலஸை நான் பரிந்துரைக்கத் தயங்குவதற்குக் காரணம் காலக்கணக்கு. நட்ட 70 முதல் 90 நாள்களில் அது பூக்கும். மார்கழியில் பூக்க வேண்டுமானால் புரட்டாசியில் நட வேண்டும். அப்போது இளம் பயிர் முழு மழையையும் வாங்கிக்கொள்ளும். மழை ஓய்ந்து மார்கழித் தொடக்கத்தில் நட்டால் பூ மாசிக்குத் தள்ளிப்போகும். கூரைக்கு அடியில் வைத்துத் தப்பலாம் என்றால், நேர் வெயில் இல்லாத இடத்தில் அதன் தண்டு வலுப்பெறாது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. லாசுப்பேட்டையில் எங்கள் வீடு இருப்பது நீர் வடியும் மேட்டுச் செம்மண். அங்கேயே நான் பாத்தியில் நட்டிருந்த 24 கிழங்குகளில் ஐந்துதான் மிஞ்சின. மற்றவற்றைத் தோண்டி எடுத்து அழுத்திப் பார்த்தபோது, அவித்த வள்ளிக்கிழங்கில் போவதுபோல் விரல் உள்ளே போயிற்று. மாசிப் பூவுக்கு ஒப்புக்கொள்பவர்கள், அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலந்த மணற்பாங்கான மேட்டுப்பாத்தியில், மழை ஓய்ந்தபின் நடட்டும். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலைநுனி கருகும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். பூச்சாடியில் வைப்பதற்கு இதற்கு நிகரான பூ மற்றவற்றில் இல்லை என்பதை மறுக்கவில்லை.

சம்பங்கியைக் குளிர்காலப் பூ என்று எந்த உறையும் சொல்வதில்லை. மெக்சிகோவிலிருந்து வந்த இந்தச் செடி நம் பக்கத்தில் ஆண்டு முழுவதும் பூப்பதே அதற்குக் காரணம். மார்கழியில் பூ குறையுமே தவிர நின்றுவிடாது. ஆனியில் நட்டு, ஆவணிக்குள் வேர் பிடித்துவிட்ட தூர் அடைமழையை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஒற்றையடுக்கு வகையில் பெங்களூருவில் உருவாக்கப்பட்ட பிரஜ்வல் நன்றாக வருகிறது. இதற்கு மழையைவிடப் பெரிய எதிரி வேர்முடிச்சு நூற்புழு. தூர்களுக்கு இடையே செண்டுமல்லி வைத்தால் அது கட்டுப்படும். வாசனையையும் சாமிப் படத்துக்குத் தினமும் நாலு பூ கிடைப்பதையும் பெரிதாக நினைக்கும் வீடு, மற்ற எதையும் யோசிக்காமல் இதை நடலாம்.

செங்காந்தளுக்குக் கார்த்திகைப் பூ என்றே ஒரு பெயர் இருக்கும்போது, டூலிப்பைத் தேடி நாம் அலைவது எனக்குப் புரியவில்லை. கோடையில் மண்ணுக்குள் உறங்கி, ஆடி மழையில் முளைத்து, இலைநுனியையே பற்றுக்கம்பியாக்கி வேலியில் ஏறி, பச்சையும் மஞ்சளுமாக விரிந்து செந்நெருப்பாக முடியும் பூ அது. நம் பருவத்தோடு இவ்வளவு ஒத்துப்போகும் கிழங்கு வேறில்லை. நடும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: கலப்பை வடிவிலிருக்கும் அந்தக் கிழங்கில் முளைக்கண் கைகளின் நுனியில்தான் இருக்கும், நுனி முறிந்தால் கிழங்கு வெறும் கட்டை. ஆனால் கிழங்கிலும் விதையிலும் உள்ள கால்சிசின் உயிரைப் பறிக்கும் நஞ்சு. தவழும் குழந்தையோ மேய வரும் ஆடோ உள்ள வீட்டில் இதன் அழகைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மழை லில்லியை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. வறட்சிக்குப் பின் ஒரு நல்ல மழை பெய்தால் சில நாள்களில் பூக்கும், மாதம் பார்ப்பதில்லை. பாத்தி ஓரத்துக்கு அது போதும்.

மீதமிருப்பது அமரில்லிஸ். அந்தப் பெயரில் இங்கு விற்பது பெரும்பாலும் தென்னமெரிக்க ஹிப்பியாஸ்ட்ரம். அதன் உறக்கத்துக்கு வறட்சியே போதும் என்பதால் என் முதலிடம் அதற்குத்தான். பழைய வீடுகளில் காணும் சிவப்பு வகை தானாக விட்டால் சித்திரை, வைகாசியில் பூக்கும். அதை மார்கழி, தைக்கு நகர்த்தலாம். ஆவணி இறுதியில் தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியை மழைச்சாரல் படாத தாழ்வாரத்தில் படுக்க வைத்துவிட வேண்டும். நிமிர்த்தி வைத்தால் வீட்டில் யாராவது இரக்கப்பட்டு ஒரு குவளை நீர் ஊற்றிவிடுகிறார்கள். எட்டு முதல் பத்து வாரங்களில் இலைகள் மஞ்சளித்து உலர்ந்துவிடும். கார்த்திகைத் தொடக்கத்தில் கிழங்கை எடுத்து, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு மேலே தெரியும்படி, மணலும் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த புது மண்ணில் நட்டு, ஒரு முறை நன்றாக நீர் விட்டு, முளை தெரியும்வரை பேசாமல் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில், இலைக்கு முன்பாகவே, உள்ளே பொள்ளலான பூந்தண்டு எழுந்துவிடும். ஃபெஞ்சல் மழையின்போது எங்கள் வீட்டில் நனையாமல் பிழைத்தவை தாழ்வாரத்தில் இருந்த இந்தத் தொட்டிகள்தாம். அந்தப் பொங்கலுக்கு மூன்றில் இரண்டு பூத்தன.

பூக்காத மூன்றாவதற்கும் காரணம் உண்டு. இந்தக் கிழங்கு நான்கு இலைகளுக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கில் உள்ளே மொட்டை உருவாக்கி வைக்கிறது. மாசி முதல் ஆவணி வரை அந்தத் தொட்டியில் மூன்று இலைகளுக்கு மேல் நான் விடவில்லை. விட்டிருந்தாலும் புழு விட்டிருக்காது. கருப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த லில்லிப் புழு, காந்தளிலும் அமரில்லிஸிலும் ஒன்றுபோல் ஏறும். ஒரே இரவில் இலையை அடிவரை அரித்துவிடும். இரண்டையும் வளர்ப்பவர்கள் தொட்டியைக் காந்தள் வேலிக்கு எட்டத் தள்ளி வைத்து, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை இலையின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. புழு சிறிதாக இருக்கும்போது கூட்டமாகத்தான் இருக்கும், ஓர் இலையை நறுக்கினால் அத்தனையும் போய்விடும்.