ஜிசிபி, ஆர்டிகே, பிபிகே: ட்ரோன் வரைபடத்துக்கு எது?

ஃபாண்டம் 4 ஆர்டிகே ட்ரோன் 100 மீட்டர் உயரத்தில் பறந்தால், படத்தின் ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.7 செ.மீ. முன்பின் 80, பக்கவாட்டில் 70 சதவீத ஓவர்லேப் (அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு) வைத்து எடுத்த படங்களை நிலத்தோடு பொருத்த மூன்று வழிகள் உண்டு: இடம் அளந்து குறித்த தரைப்புள்ளிகள் (ஜிசிபி), பறக்கும்போதே ஜிபிஎஸ் திருத்தம் (ஆர்டிகே), பறந்து முடிந்த பிறகு திருத்தம் (பிபிகே). ஒழுங்காகச் செய்தால் கிடைமட்டத்தில் மூன்றும் சில சென்டிமீட்டருக்குள் நிற்கும். உயரத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

ஜிசிபி மட்டும்

சாதாரண ட்ரோனின் ஜிபிஎஸ் மீட்டர் கணக்கில் தவறும். அதனால் முழுச் சுமையும் தரைப்புள்ளிகள் மேல். நான்கு மூலை, நடுவில் ஒன்று என்பது குறைந்தபட்சம். மேடு, பள்ளம் இருந்தால் அங்கேயும் ஒன்று வேண்டும். நடுப்புள்ளியை விட்டுவிட்டால் படங்களிலிருந்து உருவாகும் நிலத்தின் 3டி மாதிரி நடுவில் உப்பும் அல்லது குழியும். மூலைப்புள்ளியானாலும் படமெடுக்கும் பரப்பின் விளிம்பிலேயே வைத்தால் இரண்டு மூன்று படங்களில்தான் விழும், அது பிரயோஜனப்படாது. 60 செ.மீ. கறுப்பு வெள்ளைக் கட்டம் போதும். பளபளக்கும் ஃபிளெக்ஸ் வேண்டாம்: வெயிலில் வெள்ளை வெளிறி, மையம் தெரியாது. வேலையில் பாதி நடைதான்.

ஆர்டிகே

தரையில் அசையாமல் நிற்கும் ஜிபிஎஸ் கருவியிடமிருந்து (பேஸ்) பறக்கும்போதே திருத்தம் வருவதால் நடை மிச்சம். ஆனால் திருத்தத்தைக் கொண்டுவரும் மொபைல் டேட்டா அறுந்தால் ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் துல்லியம்) போய் ஃப்ளோட் (தோராய நிலை) ஆகும். அந்த வரிசைப் படங்களின் இடம் டெசிமீட்டர் கணக்கில் பிசகும். இன்னொரு பொறி பேஸ். தெரியாத புள்ளியில் பேஸை நிறுத்தி, அது தானாகக் கணித்த இடத்தை ஏற்றுக்கொண்டால், வரைபடம் முழுவதும் ஒரே அளவில் ஓரிரு மீட்டர் நகர்ந்து உட்காரும். உள்ளுக்குள் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துவதால் மென்பொருளின் அறிக்கையில் இது தெரியவே தெரியாது.

பிபிகே

பேஸ், ட்ரோன் இரண்டின் மூலத் தரவையும் பதிந்து, பிறகு அலுவலகத்தில் கணிப்பது. சிக்னல் இல்லாத மலைப்பக்கத்துக்கு இதுதான் சரி. முன்னும் பின்னுமாகக் கணிக்கலாம் என்பதால் இடையில் விட்ட துண்டும் பெரும்பாலும் மீளும். ட்ரோன் கிளம்புமுன் பேஸ் பதிவைத் தொடங்கி, இறங்கிய பிறகே நிறுத்த வேண்டும். மங்கிய படம் என்று ஒன்றை முதலிலேயே அழித்தால், ட்ரோன் எழுதிவைத்த ஷட்டர் நேரப் பதிவுக்கும் படத்துக்கும் எண்ணிக்கை ஒட்டாது. கணித்து முடித்த பிறகு அழியுங்கள்.

"ஆர்டிகே இருந்தால் ஜிசிபி வேண்டாம்" என்ற விற்பனைப் பேச்சு உயரத்தில் பொய்த்துப்போகும். கேமராவின் குவியத்தூரம் 0.1 சதவீதம் தவறாகக் கணிக்கப்பட்டால், 100 மீட்டர் உயரத்தில் தரை 10 செ.மீ. ஏறும் அல்லது இறங்கும். ஒரே உயரத்தில், நேர்க்கீழாக மட்டும் எடுத்த படங்களில் இந்தப் பிழை எளிதில் ஒளிந்துகொள்ளும். சாய்வுப் படங்கள் சேர்த்தால் குறையும்; தரையில் ஒரு ஜிசிபி வைத்தாலே பெரும்பகுதி அடங்கும்.

எங்கள் தேர்வு: பிபிகே, அதோடு இரண்டு மூன்று ஜிசிபி, கணக்கில் சேர்க்காத ஐந்தாறு சரிபார்ப்புப் புள்ளிகள். மண் கொள்ளளவு, வடிகால் சரிவு போன்ற வேலைக்கு இதில் எதையும் குறைக்காதீர்கள். பயிர்ப் பரப்பு பார்க்க மட்டும் என்றால் வெறும் ஆர்டிகே போதும்.

எந்த வழியானாலும் ஜிபிஎஸ் தருவது நீள்வட்டக் கோள உயரம் (பூமியைச் சீரான கணித வடிவமாகக் கொண்டு அளந்த உயரம்). தமிழ்நாட்டில் அது கடல்மட்ட உயரத்தைவிட 80 மீட்டருக்கும் மேல் குறைவு. சென்னைக் கடற்கரை மைனஸில் வரும். ஜிசிபி ஒரு உயர முறையிலும் கேமரா இன்னொன்றிலும் இருந்தால் மென்பொருள் திணறும். இரண்டையும் ஒரே ஜியாய்டு மாதிரியால் (இரு உயர முறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தரும் கணக்கு) மாற்றிய பிறகே மென்பொருளில் படங்களைப் பொருத்தும் சரிக்கட்டலை ஓட்டுங்கள்.