நெபுலைசரா, பஃப்பும் ஸ்பேசருமா?

சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, புளியரை, அந்தப் பக்கம் ஆரியங்காவு வரை பிள்ளைகளுக்கு வீசிங்கும் கூடவே வந்துவிடும். வீட்டுக்கு ஒரு நெபுலைசர் (மருந்தைப் புகையாக்கித் தரும் மிஷின்) வாங்கிப் போடலாமா என்று அப்போது யாராவது கேட்பார்கள். வேண்டாம், பஃப்பும் (அழுத்தினால் மருந்து தெளிக்கும் இன்ஹேலர்) அதன் வாயில் மாட்டுகிற குழாய் போன்ற ஸ்பேசரும் போதும் என்பதுதான் என் கட்சி.

மிஷினில் புகை கண்ணுக்குத் தெரிவதால் அதுதான் வலுவான மருந்து என்று ஒரு நினைப்பு. இரண்டிலும் உள்ளே போவது மூச்சுக்குழாயை விரிக்கும் அதே சால்பியூட்டமால்தான். இளைப்பு மிக முற்றாத வரை ஸ்பேசர் நெபுலைசருக்குச் சளைத்ததில்லை, பிள்ளைகளுக்குப் படபடப்பும் குறைவு என்றே ஆய்வுகள் சொல்கின்றன. மிஷினுக்குப் பத்து நிமிடமும் கரண்டும் வேண்டும். காற்றில் கிளை முறிந்து கரண்ட் போகிற ஊரில் இது லேசுப்பட்ட விஷயமில்லை. மருந்துக் கப்பைக் கழுவிக் காயவைக்காவிட்டால் கிருமி சேரும். ஆடி மாதத்தில் எதுதான் காய்கிறது?

ஸ்பேசரில் ஒவ்வொரு பஃப்பாகத்தான் அடிக்க வேண்டும். குலுக்கி ஒன்று அடித்து, பிள்ளை ஐந்தாறு மூச்சு இழுத்த பிறகு மறுபடி குலுக்க வேண்டும். மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்கட்டும். பிள்ளை அழுதால் பாதி மருந்து வீண். சோப்புத் தண்ணீரில் கழுவியதும் துணியால் துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள். துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். கைக்கு ஸ்பேசர் கிடைக்காத அவசரத்தில் 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பஃப் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளியை அடைத்தும் சமாளிக்கலாம். 1999-ல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வில் அது கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது.

பொடி மருந்தை வாயால் இழுக்கிற ரோட்டாகேப் பெரியவர்களுக்குச் சரி. ஆனால் பலமாக இழுக்க வேண்டும், ஈரத்தில் பொடியும் கட்டிதட்டும். சிரப்பை விட்டுவிடலாம்: 5 மி.லி.யில் 2 மி.கி., ஒரு பஃப்பிலோ 100 மைக்ரோகிராம். 20 பஃப் மருந்தை வயிற்றுக்கு அனுப்பிக் கை நடுங்குவதுதான் மிச்சம்.

அப்புறம், சால்பியூட்டமால் உள்ள நீலப் பஃப்பை மட்டுமே நம்பியிருப்பது வேறு கதை. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது மட்டும் போதாது என்று 2019-ல் கினா (GINA) என்ற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதல் மாற்றிவிட்டது. புடெசொனைட் என்ற ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மொட்டெராலும் சேர்ந்த பஃப்பையே அது முன்வைக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வந்தால் டாக்டர் தினசரி ஸ்டீராய்டு பஃப் எழுதுவார். வளர்ச்சி நின்றுவிடும் என்று பயந்து நிறுத்தாதீர்கள். சில வருடம் தொடர்ந்து எடுத்த பிள்ளைகள் வளர்ந்தபின் சராசரியாக 1.2 செ.மீ.தான் குறைவாக இருந்தார்கள். அடித்ததும் வாய் கொப்புளிக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா உள்வாங்குகிறது, உதடு நீலமாகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை ஸ்பேசரில் நீலப் பஃப் அடித்துக்கொண்டே இருங்கள். ஆக்சிஜனோடு வைக்கிற ஆஸ்பத்திரி நெபுலைசர் தேவைப்படுவது அங்கேதான்.