வெள்ளை ஈ பார்க்க யூ.எஸ்.பி. நுணுக்குக்காட்டி போதுமா?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் '1000 மடங்கு' என்று அச்சிட்ட பெட்டியில் கிடைக்கும் யூ.எஸ்.பி. நுணுக்குக்காட்டிதான் இது. அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். திரை பெரிதானால் படம் பெரிதாகும், விவரம் அதிகரிக்காது.

வெள்ளை ஈயை வகைப்படுத்துவது பெரும்பாலும் இறக்கை முளைத்த பூச்சியை வைத்தல்ல. இலையின் அடியில் ஒட்டியிருக்கும் நான்காம் பருவக் கூட்டுப்புழுவை வைத்துத்தான். தென்னோலையிலோ கொய்யா இலையிலோ இருப்பதை மென்தூரிகையால் மெழுகு நீக்கிப் பாருங்கள். முதுகில் மெழுகு சுரக்கும் பெரிய கூட்டுத்துளைகள் இருந்தால் அலூரோடிகஸ் என்ற பேரினத்தின் பக்கம். மிளகாய், மரவள்ளியில் வரும் பெமிசியா என்ற பேரினத்தில் அவை கிடையாது. இலையைச் சரித்துப் பக்கவாட்டிலும் பாருங்கள்: பெமிசியாவின் ஓரம் சரிந்து இலையோடு படியும், பசுமைக்கூட (கிரீன்ஹவுஸ்) வெள்ளை ஈயின் ஓரம் சுவர்போல் செங்குத்தாக நிற்கும். இதுவரைக்கும் கருவி தாராளம்.

தொல்லை தருவது வெளிச்சம். முன்வளையத்து எல்.ஈ.டி. விளக்குகள் வழவழப்பான ஓட்டில் வெள்ளைப் புள்ளிகளாகப் பிரதிபலித்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைக்கும். அவற்றைக் குறைத்து, ரேசிங் தாளால் மூடிய டோர்ச்சைப் பக்கத்திலிருந்து பிடியுங்கள். கூடவே வரும் பிளாஸ்டிக் தாங்கி, குவியச் சக்கரத்தைத் தொட்டாலே ஆடும். உலோகத் தாங்கி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

தென்னையில் சுருள் வெள்ளை ஈயையும் ருகோஸ் சுருள் வெள்ளை ஈயையும் பிரிக்க இது உதவாது. பின்னதில், முதுகின் பின்முனையிலுள்ள குடுவைத் துளையின் மூடி சுருக்கம் விழுந்திருக்கும், அத்துளைக்குள் இருக்கும் நாக்குப் போன்ற உறுப்பின் நுனி கூராக இருக்கும். அதைக் காண, கூட்டுப்புழுவை 10% பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் இளஞ்சூட்டில் வைத்து, கழுவி, அசிட் ஃபுக்சின் சாயம் ஏற்றி, ஸ்லைடில் பதித்து, கூட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். கொதிக்க விட்டால் ஓடு வெடிக்கும்.

பெமிசியா டபாசி என்ற ஒரே பெயருக்குள் உருவத்தால் பிரிக்க முடியாமல் இருக்கும் இனங்களுக்கோ ஆய்வுகூட நுணுக்குக்காட்டியும் போதாது. மயிரடர்ந்த இலையில் வளர்ந்த கூட்டுப்புழுவுக்கு முதுகு மயிர் கூடும், வழுவழுப்பான இலையில் குறையும். ஒரே தாயின் பிள்ளைகள் இரண்டு இனம்போல் தெரியும். 1994இல் டபாசியிலிருந்து பெமிசியா அர்ஜென்டிஃபோலியைத் தனி இனமாக்க, ஓரத்து மயிரொன்று இல்லாததையும் அடையாளமாகக் காட்டினார்கள். பிற்பாடு வேறு இடத்து மாதிரிகளில் அந்த அடையாளம் நிலைக்கவில்லை. இங்கே இழைமணியின் (மைட்டோகொண்ட்ரியா) சீ.ஓ.1 மரபணுவை வாசித்துப் பார்ப்பதுதான் வழி. மாதிரியை 95% எதனோலில் இடுங்கள். போமலினில் இட்டால் டீ.என்.ஏ. சிதையும்.