சோஃபியா பிக் ஃபோர் பாக்ஸ் செட்: முதல் டிஸ்க்ல மட்டும்தான் கீறல்

மெட்டாலிகாவுக்காகத்தான் வாங்கினேன், மொதல்லயே ஒத்துக்கறேன். மத்த மூணு பேண்டும் எனக்கு அப்போ சைட் டிஷ் மாதிரி. இன்னிக்கு அந்த டப்பாவ தொறந்து ரெண்டு டிவிடியையும் லைட்ல காட்டிப் பாத்தா மெட்டாலிகா இருக்குற ரெண்டாவது டிஸ்க் கண்ணாடி மாதிரி இருக்கு, ஆந்த்ராக்ஸ், மெகாடெத், ஸ்லேயர் இருக்குற முதல் டிஸ்க்தான் கோடு கோடா கீறல். பத்து வருஷத்துக்கு மேல பாத்ததுல நான் எந்தப் பக்கம் சாஞ்சேன்னு இதுக்கு மேல சொல்லணுமா.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 2010 ஜூன் 22, பல்கேரியாவோட தலைநகர் சோஃபியா, வாசில் லெவ்ஸ்கி ஸ்டேடியம். அமெரிக்க த்ராஷ்ல, அதாவது வேகமா அடிக்கிற மெட்டல் இசைல, பெரிய நாலு பேருன்னு (பிக் ஃபோர்) சொல்ற மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் நாலும் ஒரே நாள் ஒரே மேடை. எண்பதுகள்லேந்து இருக்குற பேண்டுங்க, ஆனா நாலும் சேந்து ஒரே மேடை ஏறினது அதுக்கு ஆறு நாள் முன்னாடி போலந்துல வார்சாலதான் முதல் தடவ, நம்புவீங்களா? சோஃபியா ஷோவ பல நாட்டு தியேட்டர்கள்லயும் திரையிட்டாங்க, அப்புறம் அதே வருஷம் அக்டோபர்ல டிவிடியா வந்துச்சு. நான் வெச்சிருக்கறது பெரிய பாக்ஸ், ரெண்டு டிவிடி அஞ்சு சிடி. மெட்டாலிகாவுக்கு ரெண்டு சிடி, மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு, சீனியாரிட்டி அப்படி. 2011-ல மாமா பையன் வெளிநாட்டுலேந்து வரும்போது பெட்டில லுங்கிக்கு நடுவுல சுத்தி எடுத்துட்டு வந்தான், வரும்போதே உள்ள டிஸ்க்க புடிக்கிற பல்லு ரெண்டு ஒடஞ்சிருந்துச்சு, முதல் டிஸ்க் உள்ளயே லொட லொடன்னு ஆடும், பாதி கீறல் அதனாலதான்னு வெச்சுக்கங்க. மீதி நான்.

முதல் ஒரு வருஷம் ரெண்டாவது டிஸ்க்தான் ஓடுச்சு. ராத்திரி, நெருப்பு, லைட்டு, மொத்த ஸ்டேடியமும் சேந்து பாடுது, எல்லாம் கச்சிதம். அந்த கச்சிதம்தான் கொஞ்ச நாள்ல சலிச்சுப் போச்சு. மெட்டாலிகா லைவ் வீடியோ ஏகப்பட்டது கெடைக்குது, இது அதுல இன்னொண்ணு, தப்பு சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சுடும்.

ஒரு ஞாயித்துக்கெழம சும்மா முதல் டிஸ்க்க போட்டேன். ஆந்த்ராக்ஸ் பகல் வெளிச்சத்துலயே ஏறிடறாங்க. பட்டப்பகல்ல மெட்டல் பாக்கறது கல்யாண மண்டபத்துல மத்தியானம் டியூப் லைட் எரியற மாதிரி இருக்கும், எஃபெக்ட்டே இருக்காது, அதையும் மீறி பாடகர் ஜோயி பெல்லடோனா ஓடி ஆடி கூட்டத்த எழுப்பிடறாரு. மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ செத்து அப்போ ரெண்டு மாசம் கூட ஆகல, மே 16-லதான் போனாரு, இவங்க தங்களோட ஒரு பாட்டுக்கு நடுவுல அவர் பிளாக் சபாத் பேண்ட்ல பாடின ‘ஹெவன் அண்ட் ஹெல்’லேந்து ஒரு துண்டு வாசிக்கறாங்க. பெரிய அஞ்சலி உரையெல்லாம் தேவையே படல.

மெகாடெத் வரும்போது மழை. நல்ல மழை. டேவ் மஸ்டைன் முடி முகத்துல ஒட்டி, கிட்டார்ல தண்ணி வழிய வழிய, பல்ல கடிச்சுட்டே பாடறாரு. எங்க அம்மா ஒரு நாள் ஹால்ல அரிசி பொடச்சுட்டே இத பாத்துட்டு "பாவம்டா, இவ்ளோ பேரு நிக்கறாங்க, ஒருத்தனாவது அவனுக்கு கொடை புடிக்கக்கூடாதா"ன்னாங்க. அதுலேந்து எங்க வீட்ல மஸ்டைன் பேரு கொடை இல்லாதவன். அவர் குரல் அன்னிக்கு சுமார்தான், அத மறைக்கறதுல அர்த்தமில்ல, ஆனா விரல் தப்பு பண்ணல. எட்டு வருஷம் பிரிஞ்சிருந்த பேஸிஸ்ட் டேவிட் எல்லெஃப்சன் அந்த வருஷம்தான் திரும்பி வந்திருந்தாரு, மனுஷன் மழைலயும் சிரிச்சுட்டே வாசிக்கறாரு.

இப்ப ஸ்லேயர். டிஸ்க் தேஞ்சதுக்கு முக்கிய காரணம் இவங்க. டாம் அராயாவுக்கு அந்த வருஷ ஆரம்பத்துல கழுத்துல ஆபரேஷன், அதுக்கப்புறம் தலைய ஆட்டவே கூடாதுன்னு ஆயிடுச்சு. காலம் பூரா முடிய சுழட்டின ஆளு நட்டு வெச்ச மாதிரி நின்னு பாடறாரு, முதல் தடவ பாக்கும்போது என்னடா இவ்ளோ டல்லா இருக்காருன்னு தோணும், காரணம் தெரிஞ்சப்புறம் அந்த அசையாத நிக்கிறதே பயமா இருக்கும். பின்னாடி ட்ரம்ஸ்ல டேவ் லொம்பார்டோ, கேமரா அவர் கால் பக்கம் போற சில நொடிகள நான் எத்தன தடவ ரிவைண்ட் பண்ணிருப்பேன்னு கணக்கில்ல.

அப்புறம் ஸ்லேயர் கிட்டாரிஸ்ட் ஜெஃப் ஹான்மன். 2012-ல ஸ்லேயர் பெங்களூர் வந்தப்போ நைட் பஸ் புடிச்சுப் போனேன், ஆனா ஹான்மன் இல்ல, 2011-லயே கைல சதைய அரிக்கிற இன்ஃபெக்ஷன் வந்து எக்ஸோடஸ் பேண்டோட கேரி ஹோல்ட்தான் அவர் எடத்துல வாசிச்சுட்டிருந்தாரு. ஹோல்ட் பிரமாதமாத்தான் வாசிச்சாரு, இருந்தாலும் அந்தப் பக்கமே பாத்துட்டு நின்னேன். 2013 மே மாசம் ஹான்மன் செத்துப் போனாரு, லொம்பார்டோவும் அந்த வருஷமே வெளிய வந்துட்டாரு. அதுனால அந்த பழைய நாலு பேர ஒண்ணா பாக்கணும்னா எனக்கு இந்த டிஸ்க்தான். எரிச்சல் என்னன்னா எடிட்டிங், ஒரு ஷாட் ரெண்டு செகண்ட் நிக்காது, ஹான்மன் சோலோ வாசிக்கும்போது கூட்டத்துல எவனோ கொடி ஆட்டறத காட்டறாங்க.

மெட்டாலிகா டிஸ்க்ல நான் இன்னும் போட்டுப் பாக்கறது ஒரே எடம், ‘ஆம் ஐ ஈவில்’ பாட்டுக்கு எல்லாரையும் மேடைக்கு கூப்பிடறது. 1983-ல மஸ்டைன மெட்டாலிகாலேந்து தூக்கி நியூயார்க்லேந்து பஸ் ஏத்தி கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினாங்க, அந்த கோவத்துலதான் மெகாடெத்தே பொறந்துச்சு. இருபத்தேழு வருஷம் கழிச்சு அதே மெட்டாலிகா பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட கட்டிப் புடிக்கறாரு. ஸ்லேயர்லேந்து லொம்பார்டோ மட்டும்தான் வந்தாரு, மத்த மூணு பேரும் வரல, அது அவங்க ஸ்டைல்.

சவுண்டு பத்தி ஒரு வார்த்த. என் காதுக்கு நாலு பேண்டும் நாலு மாதிரி மிக்ஸ், ஸ்லேயர் முடிஞ்சு மெட்டாலிகா போட்டா ரிமோட்ட தேடணும். பழைய 29 இஞ்ச் டிவில சூப்பரா இருந்த படம் புது பெரிய டிவில மெழுகு பூசின மாதிரி தெரியுது, டிவிடியோட லிமிட் அவ்ளோதான். சிடிங்கள எப்பவோ ரிப் பண்ணிட்டேன், ஆபீஸ் பஸ்ல ஸ்லேயரும் மெகாடெத்தும்தான் ஓடும்.

போன மாசம் முதல் டிஸ்க் ஸ்லேயர் பாதில ஃப்ரீஸ் ஆச்சு, கரெக்ட்டா ஹான்மன் ஃப்ரேம்ல இருக்கும்போது. எடிட்டர் அஞ்சு செகண்ட் கூட காட்டாத மொகத்த கீறல் ரெண்டு நிமிஷம் காட்டுச்சு, எஜெக்ட் அமுத்தாம அப்படியே உக்காந்திருந்தேன்.