சக்கரம் மாற்றியதும் எரியும் மஞ்சள் விளக்கு: ஒன்பது குளிர்காலங்களின் அனுபவம்

2016 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் டொரொன்டோவில் சிறிய எஸ்.யு.வி. ஒன்றைப் புதிதாக வாங்கியபோது, குளிர்காலத்துக்கென்று தனியாக நான்கு டயர்களையும் அவற்றுக்கான 16 அங்குல இரும்பு ரிம்களையும் சேர்த்தே வாங்கினேன். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் போலக் குளிர்கால டயர் இங்கே கட்டாயம் இல்லை என்றாலும், அதைப் பொருத்துவோருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி அந்த ஆண்டுதான் ஒன்டாரியோவில் நடைமுறைக்கு வந்திருந்தது. தனி ரிம்மில் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு இரு முறை டயரை ரிம்மிலிருந்து பிரித்து மாட்ட வேண்டியதில்லை, சக்கரத்தோடு சேர்த்தே கழற்றி மாட்டிவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்தக் கணக்கில் நான் சேர்க்காமல் விட்டது, டயரில் காற்று குறைந்தால் காருக்குத் தெரிவிக்கும் டயர் அழுத்த சென்சார்களை.

கடைக்காரர் கேட்கத்தான் செய்தார். ஒரு சென்சாருக்கு ஏறக்குறைய அறுபது டாலர், நான்குக்கும் இருநூற்று நாற்பது டாலர் என்றதும், அது இல்லாமல் ஓட்டக்கூடாதா என்று நான் திருப்பிக் கேட்டேன். கனடாவில் சட்டப்படி அது தேவையில்லை, ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான் என்றார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அமெரிக்காவில், ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை பிரிந்து நேர்ந்த விபத்துகளுக்குப் பிறகு 2000 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இந்த அமைப்பைக் கட்டாயமாக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். கனடாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. எனவே முதல் இரண்டு குளிர்காலங்களும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை, காரைக் கிளப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவிட்டு எரிந்து, பிறகு நிலையாக எரிந்துகொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் அது என் கண்ணில் படுவதே நின்றுவிட்டது.

2019 ஜனவரியில், மனைவியோடும் மகளோடும் 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ட்ரென்டன் அருகே ஓய்விடத்தில் நிறுத்தி இறங்கியபோதுதான் வலது பின்சக்கரம் தரையோடு படிந்திருப்பதைக் கண்டேன். ஓர் ஆணி குத்தி, காற்று மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல், பனித்தூவலுக்கு நடுவே, குறைந்த காற்றோடு ஓட்டியிருக்கிறேன். டயரின் பக்கவாட்டுச் சுவர் உள்ளே நைந்து போயிருந்ததால் பஞ்சர் ஒட்டிப் பயன் இல்லை, தூக்கி எறிய வேண்டியதாயிற்று. டயர் போனதைவிட என்னை உறுத்தியது வேறு: எச்சரிப்பதற்காகவே இருக்கும் விளக்கு, பயணம் முழுவதும் என் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது. அது முன்பே எரிந்துகொண்டிருந்ததால், புதிதாகச் சொல்ல அதனிடம் வழி இல்லாமல் போயிற்று. அன்றைக்குப் பிறகு அந்த விளக்கு அணைந்திருக்கும் நிலையில்தான் இந்தக் காரை ஓட்டுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் அந்த விளக்கு பேசும் மொழியைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காரைக் கிளப்பியதும் நேரடியாக நிலையாக எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று பொருள். விட்டுவிட்டு எரிந்து, பிறகு நிலைத்தால், சென்சாரின் சமிக்ஞை காருக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். சக்கரம் மாற்றியவர்களில் பெரும்பாலோர் காண்பது இரண்டாவதை. செய்வதோ முதலாவதற்கான வைத்தியம். நானும் பெட்ரோல் பங்குக்குப் போய்த் திரும்பத் திரும்பக் காற்று அடித்திருக்கிறேன்.

என் காரில் இருப்பது நேரடி வகை. ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், வால்வின் அடியில், தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிய ஒரு மின்னணுப் பெட்டி இருக்கிறது. சக்கரம் சுழலத் தொடங்கியதும் விழித்துக்கொண்டு, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் ரேடியோ அலையில் அனுப்புகிறது. கார் நின்றதும் மின்கலத்தைச் சேமிக்க உறங்கிவிடுகிறது. ஒவ்வொரு சென்சாருக்கும் தனக்கென்று ஓர் அடையாள எண் உண்டு. தன்னிடம் பதிந்துள்ள நான்கு எண்களிலிருந்து வரும் செய்தியை மட்டுமே கார் கேட்கும். சாலையில் பக்கத்தில் வரும் காரின் டயரை நம் டயர் என்று எண்ணிவிடக் கூடாது அல்லவா! அதனால், புதிய சென்சார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் எண் பதியப்படாத வரை என் காரைப் பொறுத்தவரை அது இல்லாத பொருள்தான்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் செலவு மிக்கது. 2019 இலையுதிர் காலத்தில் இணையத்தில் மலிவாகக் கிடைத்த நான்கு சென்சார்களை வாங்கினேன். அவை 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை, ஐரோப்பாவில் விற்கப்படும் இதே காருக்கானவை. இங்கே விற்கப்பட்ட என் காருக்குத் தேவை 315 மெகாஹெர்ட்ஸ். நல்ல வேளையாகப் பொருத்தும் முன்பே கவனித்துத் திருப்பி அனுப்ப முடிந்தது. சரியான அலைவரிசையில் வாங்கி, ஒரு கடையில் கொடுத்துப் பொருத்தினேன். அங்கே டயரைப் பிரித்து, சென்சாரை வைத்து, மூடிக் கொடுத்துவிட்டார்கள். எண்களைக் குறித்து வைக்கவும் இல்லை, காரில் பதியவும் இல்லை. விளக்கு முன்போலவே விட்டுவிட்டு எரிந்தது. சேவை மையத்துக்குப் போய்க் கட்டணம் கட்டிப் பதிந்தேன். ஏப்ரலில் கோடைச் சக்கரங்களை மாட்டியதும் மறுபடியும் அதே விளக்கு, மறுபடியும் கட்டணம். என் காரின் கணினி ஒரு நேரத்தில் ஒரு தொகுதி எண்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும் வகை. இரண்டு தொகுதிகளை வைத்திருந்து மாற்றிக்கொள்ளும் கார்களும் உண்டு. சில கிலோமீட்டர் ஓட்டினால் தாமாகவே புதிய எண்களைக் கற்றுக்கொள்ளும் கார்களும் உண்டு. எது தங்கள் கார் என்பதை இரண்டாம் தொகுதி சக்கரம் வாங்கும் முன்பே கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. பிற்பாடு பார்த்ததால் நான் இழந்தது நானூறு டாலருக்குக் குறையாது.

குழப்பத்தை அவிழ்த்தவர் ஸ்காபரோவில் டயர் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர். காற்று சரியாகத்தான் இருக்கிறது, ரீசெட் பொத்தானையும் பலமுறை அழுத்திவிட்டேன் என்று நான் புலம்பியபோது, "அண்ணை, உங்கட கார் காத்தைத் தேடேல்லை, நம்பரைத்தான் தேடுது" என்றார். ரீசெட் பொத்தானைப் பற்றியும் அவரே விளக்கினார். என் காரில் அந்தப் பொத்தான் எண்களைப் பதிவதற்கானது அல்ல. அப்போது டயரில் இருக்கும் அழுத்தத்தையே இனிச் சரியான அழுத்தம் என்று காருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கானது. காற்று குறைந்த நிலையில் அதை அழுத்தினால், குறைந்த அழுத்தமே சரி என்று கார் ஏற்றுக்கொள்ளும். விளக்கை அணைக்கும் அவசரத்தில் அதை அழுத்துவது எவ்வளவு ஆபத்து என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் இரண்டு வழிகளைச் சொன்னார். எழுதக்கூடிய சென்சார்களை வாங்கி, கோடைச் சக்கரங்களின் எண்களையே அவற்றில் நகல் எடுத்துவிட்டால், எந்தத் தொகுதியை மாட்டினாலும் காருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் நான் ஏற்கெனவே வாங்கியிருந்தவை எண் மாற்ற முடியாதவை. எனவே இரண்டாவது வழியாக, சென்சாரை 125 கிலோஹெர்ட்ஸ் அலையால் எழுப்பி எண்ணைப் படித்து, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கீழே, காரின் கணினியோடு கருவிகளை இணைப்பதற்காக இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட் வழியாகக் காரில் எழுதும் கைக்கருவி ஒன்றை 2020 இல் வாங்கினேன். மூன்று ஆண்டுகள், ஆறு முறை, அதைக் கொண்டு நானே மாற்றினேன். ஒவ்வொரு சக்கரத்தின் வால்வருகிலும் கருவியைப் பிடித்து எண்ணைப் படிக்க ஐந்து நிமிடம், எழுத ஐந்து நிமிடம். இருநூறு டாலர் கொடுத்து வாங்கிய அந்தக் கருவி இரண்டு ஆண்டுகளில் தன் விலையை மீட்டுக் கொடுத்துவிட்டது.

அந்த ஆண்டுகளில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். என் காரின் திரை நான்கு சக்கரங்களின் அழுத்தத்தையும் தனித்தனியாகக் காட்டும். 2021 வசந்தத்தில் தேய்மானம் சமமாக இருக்கட்டும் என்று முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றினேன். எண்களின் வரிசையை மாற்ற மறந்துவிட்டேன். சில வாரங்கள் கழித்து முன் இடது சக்கரத்தில் 27 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்று திரை காட்டியது. அதில் காற்று அடித்தேன், எண் அசையவில்லை. இன்னும் அடித்தேன். அளவுமானியை வைத்துப் பார்த்தபோது அதில் 41 இருந்தது. காற்று குறைந்திருந்ததோ பின் இடது சக்கரம். அன்றிலிருந்து கழற்றும் ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் அது இருந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கிறேன், திரையை நம்பும் முன் அளவுமானியையும் ஒரு முறை வைத்துப் பார்க்கிறேன்.

குளிர் செய்யும் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சென்சார் கோளாறு போலவே தோற்றம் தரும். என் காரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளின்படி சரியான அழுத்தம் 33 பி.எஸ்.ஐ. அதிலிருந்து கால் பங்கு குறைந்தால், அதாவது 25 க்குச் சற்றுக் கீழே இறங்கினால், விளக்கு எரியும். சூடேற்றப்பட்ட கடைக்குள் 20 டிகிரியில் 31 மட்டும் அடித்து அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் ஒரு விடியற்காலை வெளியே மைனஸ் 20 ஆக இருக்கும்போது, ஒரு துளி காற்றும் கசியாமலேயே அது ஏறக்குறைய 24.8 க்கு இறங்கி, எல்லையைத் தொட்டுவிடும். பத்து கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் விளக்கு தானாக அணையலாம். அதைப் பார்த்து சென்சார் பழுது என்று மாற்றியவர்களை எனக்குத் தெரியும். குளிர் தொடங்கியதும், இரவெல்லாம் வெளியே நின்ற காரில், ஓட்டும் முன்பே அளந்து 33 க்கு நிரப்பிய பிறகு எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

மனைவியின் சிறிய காரில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அது மறைமுக வகை: சக்கரத்துக்குள் எதுவும் கிடையாது. காற்று குறைந்த டயரின் ஆரம் சற்றே சுருங்குவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் வேகச் சென்சார்கள் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடும். சக்கரம் மாற்றிக் காற்றைச் சரியாக நிரப்பி, பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் குளிரால் நான்கு டயர்களிலும் ஒரே அளவில் காற்று இறங்கினால் வேகத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. வசதியாக இருந்தாலும், என் காரில் இருப்பது போன்ற எண்களை அது காட்டுவதில்லை என்பதால் நான் என் வகையையே விரும்புகிறேன்.

2023 இல் குளிர்கால டயர்கள் தேய்ந்து புதியவை வாங்கியபோது, ஸ்காபரோ கடையிலேயே எழுதக்கூடிய சென்சார்களைப் போட்டு, கோடைத் தொகுதியின் எண்களை நகல் எடுத்தோம். கராஜில் அடுக்கி வைத்திருக்கும் மற்றத் தொகுதி அதே எண்ணில் குறுக்கிடுமோ என்று அஞ்சினேன். சுழலாத சென்சார் உறங்குவதால் இரண்டு குளிர்காலங்களில் ஒரு முறைகூட அப்படி நேரவில்லை. அந்த நவம்பரில் சக்கரம் மாற்றி, கருவியைத் தொடாமலேயே காரைக் கிளப்பினேன். விளக்கு எரியவில்லை.

பழைய கோடைச் சென்சார்களுக்கு வயதாகியிருந்தது. உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை தாங்கும். பிசின் ஊற்றி மூடியிருப்பதால் அதை மட்டும் மாற்ற முடியாது. 2025 ஏப்ரலில், குளிர் இன்னும் விலகாத ஒரு காலையில், முதல் சென்சார் பேசவில்லை. செத்த சென்சாரிலிருந்து எண்ணைப் படிக்க முடியாது. ஆனால் எட்டு எழுத்துகள் கொண்ட நான்கு எண்களையும் 2020 இலேயே ஒரு தாளில் எழுதிக் காரின் கையுறைப் பெட்டியில் வைத்திருந்தேன். மற்ற மூன்றும் ஒரே வயது என்பதால் நான்கையும் சேர்த்தே மாற்றி, தாளில் இருந்த பழைய எண்களைப் புதியவற்றில் எழுதச் செய்தேன். காரில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அவற்றைக் கழற்றும்போது ஒரு வால்வு முறிந்தே போயிற்று. சாலையில் தூவும் உப்பு அலுமினிய வால்வுத் தண்டை அரித்திருந்தது. நான் அழகுக்காகப் போட்டிருந்த உலோக மூடி அதோடு ஒட்டிக்கொண்டு திரும்பவே இல்லை. மறுபடியும் அப்படி அரிக்காமல் இருக்க, புதியவற்றுக்கு நிக்கல் பூசிய உள்வால்வும், பெட்டியில் வந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடிகளுமே போட்டிருக்கிறேன்.