ஓடில்லா நத்தை: கையா, பொறியா, வேலியா, குருணையா?

மாலையில் நட்ட நாற்று காலையில் தண்டோடு காணவில்லை. மிஞ்சிய இலைகளில் கோணல்மாணலாக ஓட்டைகள், ஆனால் ஓட்டையின் ஓரம் மழுமழுவென்று இருக்கிறது. பாத்தி ஓரத்துக் கல்லின் மேல் காய்ந்து பளபளக்கும் கோடு. இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் வந்துபோனது ஓடில்லா நத்தைதான். புழு தின்றிருந்தால் இலை மேலோ அடியிலோ சின்னச் சின்ன உருண்டைகளாக எச்சம் கிடக்கும். வெட்டுக்கிளி தின்ற இடத்தில் பளபளப்புக் கோடு இருக்காது. சந்தேகம் இருந்தால் இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். குற்றவாளி இலையின் மேலேயே இருக்கும்.

இதை ஒழிக்க ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். முட்டை ஓடு, சாம்பல், உப்பு, பீர், செம்புப் பட்டை, காப்பித்தூள், நத்தையைக் கொல்லும் நீலக் குருணை என்று பட்டியல் நீளும். எல்லாம் ஒரே தரமல்ல. தரம் பிரிக்க இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, இந்த முறை மண்ணுக்குள் இருக்கும் நத்தைக்கும் ஏதாவது செய்கிறதா? இரண்டு, ஈரத்தில் இது வேலை செய்கிறதா?

ஏன் இந்த இரண்டு என்றால், ஓடில்லா நத்தையின் உடம்பில் எண்பது சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். மேலே ஓடு இல்லாததால் வெயிலில் சீக்கிரம் வற்றிச் செத்துவிடும். அதனால் பகல் முழுக்க மண் வெடிப்பிலும் கல்லுக்கடியிலும் தொட்டியின் அடித்துளையிலும் பதுங்கியிருந்து, ஈரமான இரவில் மட்டும் மேலே வரும். ஒரு இரவில் நம் கண்ணில் படுவது தோட்டத்தில் உள்ளதில் சிறு பங்குதான். அது வெளியே வருவதே ஈரமான இரவில் என்னும்போது, காய்ந்தால் மட்டும் வேலை செய்யும் மருந்தோ வேலியோ தேவைப்படும் இரவில் கைவிட்டுவிடும்.

கையால் பொறுக்குவது

கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் வீட்டுத் தோட்ட அளவுக்கு இதை அடித்துக்கொள்ள இன்னொரு முறை இல்லை. இருட்டி இரண்டு மணி நேரம் கழித்துப் போக வேண்டும். தூறல் விழுந்த இரவு என்றால் இன்னும் நல்லது. கையுறை மாட்டிக்கொண்டு, கையாலோ இடுக்கியாலோ எடுங்கள். வாய் அகன்ற டப்பாவில் ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து வைத்து, எடுத்ததை அதில் போட்டு மூடிவிட்டால் காலைக்குள் முடிந்திருக்கும். வேலி தாண்டி எறிவதில் பயனில்லை, திரும்பி வந்துவிடும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: இலையின் அடிப்பக்கம், தண்டு மண்ணைத் தொடும் இடம், தொட்டி விளிம்பின் உள்வளைவு, தொட்டிக்கும் தட்டுக்கும் நடுவில். பெரியதாகத் தேடும் கண்ணுக்கு அரை சென்டிமீட்டர் குட்டிகள் தப்பிவிடும். முளைத்து வரும் நாற்றைக் காலி செய்ய அந்தக் குட்டிகளே போதும்.

இதில் பெரும்பாலோர் தவறுவது நாள் கணக்கில். ஒரே இரவில் முப்பது நாற்பது பிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் மண்ணுக்குள் இருந்த அடுத்த கூட்டம் மேலே வரும். முதல் வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு இரவு என்று மூன்று, நான்கு வாரம் விடாமல் செய்தால்தான் எண்ணிக்கை விழும். முட்டைகள் பொரிய வெதுவெதுப்பான பருவத்தில் ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதுதான் இந்தக் கணக்குக்குக் காரணம். குளிர்ந்த மண்ணில் இன்னும் தள்ளிப்போகும்.

பொறி: பலகையும் பீரும்

பலகைப் பொறி எளிது. ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள மரப் பலகையை நனைத்து, நான்கு மூலையிலும் இரண்டு சென்டிமீட்டர் உயரக் கூழாங்கல் கொடுத்து, பாத்தி ஓரத்தில் மாலையில் கிடத்துங்கள். நனைத்து மடித்த கோணிப்பையும் இதே வேலையைச் செய்யும். விடிந்ததும், வெயில் ஏறுமுன் புரட்டுங்கள். ஈரம் கோத்த அடிப்பக்கத்தில் உடம்பைச் சுருக்கி, பாதி அவரைக் கொட்டை போலக் குவிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டையான குச்சியால் சோப்பு நீரில் வழித்துப் போடுங்கள். அப்படியே பலகைக்கு அடியில் இருந்த மண்ணையும் பாருங்கள்: கண்ணாடி மணிகளைக் கொட்டியது போல ஒரு கொத்து இருந்தால் அவை முட்டைகள். ஓடில்லா நத்தை இருபாலுயிரி என்பதால் வளர்ந்த ஒவ்வொன்றும் முட்டையிடும். கொத்தை மண்ணோடு அள்ளி நசுக்கிவிடலாம்.

இந்தப் பொறி கெடுவது ஒரே வழியில்தான். வைத்துவிட்டு மறந்தால் நத்தைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். தினமும் புரட்ட முடியாதவர்கள் பலகை வைக்கவே வேண்டாம்.

பீர் பொறியில் நத்தையை இழுப்பது ஈஸ்ட் நொதிக்கும் வாசனை, சாராயம் அல்ல. அதனால் பீர் கட்டாயமில்லை. கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி மாவு, அரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட் கலந்தால் போதும். பத்து சென்டிமீட்டர் ஆழமுள்ள டப்பாவைப் புதைக்கும்போது விளிம்பு மண்மட்டத்துக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் நீட்டியிருக்கட்டும். மண்மட்டத்துக்குச் சமமாக வைத்தால் நத்தையைத் தின்னும் தரைவண்டுகளும் விழுந்து சாகும். பாதி உயரம் வரை ஊற்றுங்கள். நிறைய ஊற்றினால் விளிம்பில் நின்றே குடித்துவிட்டுப் போய்விடும். மழைநீர் கலக்காமல் மேலே ஒரு மூடி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதுக் கரைசல்.

இரண்டில் எது? பலகைதான். பீர் வாசனை எட்டுவது ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்துக்குள்தான், வந்ததில் பலவும் விழாமல் திரும்பும். பலகையில் ஊற்றுவதற்கும் மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை, முட்டையும் சேர்ந்து கிடைக்கும். நான்கைந்து நாற்றுள்ள சின்னப் பாத்திக்கு மட்டும் பீர் பொறி துணையாக இருக்கலாம்.

வேலிகள்

முட்டை ஓடு, குறுமணல், மரப்பட்டைத் துண்டு, கம்பளி உருண்டை, செம்புப் பட்டை. இந்த ஐந்தையும் பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் லெட்யூஸ் செடிகளைச் சுற்றி வைத்துச் சோதித்து, 2018-ல் முடிவைச் சொன்னது. வேலி போட்ட செடிக்கும் போடாத செடிக்கும் சேதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

நத்தையின் உடம்பைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. கூரான பரப்பின் மேல் அது கூடுதலாகச் சளியைச் சுரந்து வழுக்கிக்கொண்டு போய்விடும்; சவர பிளேடின் விளிம்பில்கூடக் காயமில்லாமல் ஏறி இறங்கும். அதைவிடப் பெரிய காரணம், நாம் வட்டம் போடும்போதே நத்தை வட்டத்துக்குள்ளே மண்ணில் இருக்கிறது. சாம்பலும் டயாட்டம் மண்ணும் (நுண்ணிய பாசி ஓடுகளின் தூள்) காய்ந்திருக்கும்போது சளியை உறிஞ்சித் தொந்தரவு கொடுக்கும் என்பது உண்மைதான். பனி இறங்கினால் இரண்டும் சேறாகிவிடும். சாம்பலைத் திரும்பத் திரும்பக் கொட்டினால் மண்ணின் காரத்தன்மையும் ஏறும்.

செம்புக்கு மட்டும் ஒரு சின்ன இடம் கொடுக்கலாம். மேசை மேல் தனியாக நிற்கும் தொட்டியில், முதலில் மண்ணையும் அடித்துளையையும் சோதித்து உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, பத்து சென்டிமீட்டர் அகலப் பட்டையாகச் சுற்றினால் ஓரளவு தயங்கும். விரல் அகலப் பட்டையைத் தாண்டிவிடும். களிம்பு ஏறினால் வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒரே ஒரு இலை பக்கத்துச் சுவரைத் தொட்டாலும் அதுவே பாலம்.

காப்பித்தூள் மீதான நம்பிக்கைக்கு ஓர் ஆய்வு வேர். 2002-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்த ஆய்வில் 1 முதல் 2 சதவீதக் கஃபீன் கரைசல் நத்தைகளைக் கொன்றது. ஒரு கோப்பை இன்ஸ்டன்ட் காப்பியில் இருப்பதோ 0.05 சதவீத அளவுதான். வடித்துப் போட்ட சக்கையில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சக்கையை மட்கு உரக் குழியில் போடுங்கள்.

உப்பு வேண்டவே வேண்டாம். நத்தை சாகும், ஆனால் அந்த உப்பு மண்ணில் தங்கி வேரைக் கருக்கும்.

குருணை: இரண்டும் ஒன்றல்ல

கடையில் நத்தைக் குருணை என்று கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. டப்பாவில் செயல்படும் பொருள் என்ன என்று படித்தே வாங்க வேண்டும்.

மெட்டால்டிஹைடு பழைய வகை. தின்ற நத்தை சளியைக் கொட்டித் தீர்த்து, குருணைக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடக்கும். காலையில் பிணத்தைப் பார்ப்பதால் மருந்து பிரமாதம் என்று தோன்றும். ஆனால் அன்று மழையோ மூட்டமோ இருந்தால், இழந்த நீரை உறிஞ்சிக்கொண்டு கணிசமானவை பிழைத்துக்கொள்ளும். நத்தை அதிகம் வருவதே அப்படிப்பட்ட நாளில்தான். இதைவிட முக்கியம், நாயும் பூனையும் இதைத் தின்றால் உடல் நடுங்கி வலிப்பு வரும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுவதுதான் வழி. பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் ஆபத்து என்று கிரேட் பிரிட்டனில் 2022 மார்ச் 31-க்குப் பிறகு திறந்த வெளியில் இதைப் போடத் தடை. வீட்டுத் தோட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்பது எங்கள் முடிவு.

இரும்புப் பாஸ்பேட், அதாவது ஃபெர்ரிக் பாஸ்பேட், வேறு மாதிரி. தின்ற நத்தை சீக்கிரமே இலை தின்பதை நிறுத்திவிட்டு, மண்ணுக்குள் போய் மூன்று முதல் ஆறு நாளில் சாகும். பிணம் கண்ணில் படாது. இங்கேதான் தவறு நடக்கிறது. ஒன்றும் சாகவில்லையே என்று மறுநாளே இன்னொரு கைப்பிடி போடுகிறார்கள். பிணத்தைத் தேடாதீர்கள், புது இலையில் புது ஓட்டை விழுகிறதா என்று பாருங்கள்.

அளவு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. டப்பாவில் வேறு அளவு இருந்தால் அதுதான் சட்டம். மாலையில், மண் லேசாக ஈரமாக இருக்கும்போது பரவலாகத் தூவுங்கள். செடியைச் சுற்றி வளையமாகவோ குவியலாகவோ போட்டால் நத்தையைச் செடிக்கு அழைத்து வந்ததாகும், குவியல் பூசணமும் பிடிக்கும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை போட்டால், இடையில் பொரித்த குட்டிகளும் சிக்கும். மிச்சம் இரும்பும் பாஸ்பேட்டுமாக மண்ணில் சேரும். ஆனாலும் பல தயாரிப்புகளில் இரும்பை எளிதில் உடம்பில் ஏற்ற ஒரு துணைப்பொருள் கலந்திருக்கிறது. நாய் முழு டப்பாவையும் காலி செய்தால் அதுவும் ஆபத்துதான். மூடி, உயரத்தில் வையுங்கள்.

நூற்புழு

முதல் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குவது இது ஒன்றுதான், ஏனென்றால் மண்ணுக்குள்ளேயே போய் வேட்டையாடுகிறது. ஃபாஸ்மராப்டிடிஸ் ஹெர்மஃப்ரோடிட்டா என்ற நுண்ணிய நூற்புழு, நத்தையின் முதுகுப் போர்வைக்குக் கீழே நுழைந்து நோயுண்டாக்கும். சில நாட்களில் போர்வை வீங்கி, நத்தை தின்பதை நிறுத்திவிடும். சதுர மீட்டருக்கு 3 லட்சம் புழுக்கள் என்பது வழக்கமான அளவு. பலன் ஆறு வாரம் வரை நிற்கும்.

ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. மண்ணின் வெப்பம் 5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டி ஏற ஏறப் பலன் குறையும். பொட்டலம் குளிர்ப்பெட்டியில் இருந்திருக்க வேண்டும், காலாவதி நாள் நெருக்கமானது. மண்ணை முன்பே நனைத்து, வெயில் சாய்ந்ததும் ஊற்றி, இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். ஊற்றும்போது கலக்கிக்கொண்டே இருங்கள், புழு அடியில் தங்கிவிடும். எல்லா நாட்டிலும் இது விற்பனைக்கு இல்லை. குளிர்ந்த மண்ணும் புதுச் சரக்கும் கிடைப்பவர்களுக்கு அருமையான வழி. சூடான மண்ணில் போட்டால் பணம்தான் போகும்.

நீர் விடும் நேரம்

எந்த முறையை எடுத்தாலும் இதை மாற்றாவிட்டால் பாதி உழைப்பு வீண். மாலையில் நீர் விட்டால் இரவு முழுக்க மண்மேல் ஈரம் நிற்கும், நத்தைக்கு வழுவழுவென்று சாலை போட்டுக் கொடுத்தது போல. காலையில் வேரடிக்கு மட்டும் விட்டால் இருட்டுவதற்குள் மேல்மண் காய்ந்துவிடும். 1998-ல் வெளியான ஒரு லெட்யூஸ் ஆய்வில், நேரத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றியதாலேயே நத்தைச் சேதம் தெளிவாகக் குறைந்தது. செலவில்லாத மாற்றம் இது.

மண்மேல் பரப்பும் வைக்கோல், சருகு போன்ற மூடாக்கும் ஈரத்தைப் பிடித்து வைக்கும்; அதற்காக அதைக் கைவிடச் சொல்லவில்லை. நாற்று ஒரு சாண் வளரும் வரை போடாதீர்கள். பிறகும் தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறும் மண்ணாக இருக்கட்டும்.

எங்கே எதை?

தொட்டிகள் மட்டும் என்றால் பொறுக்குவதும் அடித்தட்டை எடுத்துவிடுவதும் போதும். புதிதாக விதைத்த பாத்திக்கு, விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பே பலகை வைத்துப் பிடித்துவிட்டு, முளை தெரியும் நாளில் இரும்புப் பாஸ்பேட் தூவுங்கள். தோட்டம் பெரிது, இரவில் சுற்ற முடியாது என்றால் பலகைகளும் இரண்டு சுற்றுக் குருணையும். வாத்து வளர்ப்பவர்கள் நடவுக்கு முன் பாத்தியில் மேயவிடலாம். நட்ட பிறகு விட்டால் நாற்றையும் சேர்த்துத் தின்னும். தேரையைக் கண்டால் விரட்டாதீர்கள்.

கையுறையை ஒருபோதும் விடாதீர்கள். எலியின் நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணியின் குட்டிகளை நத்தை சுமந்திருக்கலாம். அது மனிதருக்குள் போனால் மூளை உறை அழற்சி வரும். நத்தை ஊர்ந்த தோட்டத்துக் கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் இரண்டு பக்கமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் குட்டி நத்தை, மொத்தமாக அலசினால் போகாது.